அறுபத்தேழு வாங்கிய ரேவண்ணா

விசாரணைக்கென்று இழுத்துப் போட்ட நீள மேசையில் ஒரு பிஸ்கட் தட்டு, மூன்று டீ, ஒரு ரெக்கார்ட் நோட்டு. டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. பிஸ்கட்டை யாரும் தொடவில்லை. நோட்டின் பிரவுன் அட்டை மேல் "ஷைனி, மூன்றாம் செமஸ்டர்" என்று நீல மையில் அழகாக எழுதியிருந்தது.

அந்த ஷைனி மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"காப்பி அடிச்சியா இல்லையா?" என்றார் எங்கள் துறைத் தலைவர் நிர்மலா மேடம்.

"அடிச்சேன் மேம். அதைத்தான் கீழ எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்க. அதனாலதான் கூப்பிட்டிருக்கோம்."

அறுபத்திரண்டு பேர் படிக்கும் வகுப்பு அது. அறுபத்திரண்டு பேரும் ஒரே ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள். மாட்டிக்கொண்டவள், எதைப் பார்த்து எழுதினேன் என்று எழுதி வைத்த ஒருத்தி. குற்றம் நிரூபணமானால் அந்த செமஸ்டரில் எழுதும் எல்லாப் பாடமும் ரத்து. ஒரு வருடம் போய்விடும்.

அப்படி எழுதி வைக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

பி.டி. சாருக்குப் பதிலாக

போன வாரம் வைட்ஃபீல்ட் வேலையை விட்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். அந்த வேலை என்னவென்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். எங்கள் மென்பொருளுக்குள் வேறு யார் யார் எழுதிய நிரல்கள் இருக்கின்றன, அவர்கள் என்ன நிபந்தனையோடு கொடுத்தார்கள் என்று பட்டியல் போடுவது. சும்மா கிடைக்கிறது என்பதற்கும் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நான்கு வருடம் அளந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பட்டியல் போடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இப்போது காய்கறிக்கும் போடுகிறேன், கோபத்துக்கும் போடுகிறேன்.

பிறகு பொம்மனஹள்ளிக்குப் பக்கத்தில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்த பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம் நிர்மலா மேடம் கூப்பிட்டார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிறது. எங்களிடம் தமிழ், ஆபீஸில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ்.

"நீங்க ஐ.டி.ல லைசன்ஸ்தானே பாத்துட்டிருந்தீங்க?"

"ஆமா மேம்."

"அப்ப காப்பிரைட் க்ளாஸ் நீங்களே எடுத்துடுங்க. போன வருஷம் பி.டி. சார் எடுத்தார். பசங்க நல்லா அமைதியா உக்காந்திருந்தாங்க. ஆனா யாருக்கும் எதுவும் புரியலையாம்."

சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம், ஆறு வாரம். கடைசியில் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழின் மாதிரியை ஆபீஸ் கிளார்க் எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. எல்லாச் சண்டையையும் ஒரே வாரத்தில் போடக் கூடாது என்பது என் பட்டியலில் உண்டு.

எத்தனை பெர்சென்ட் மேம்?

முதல் வகுப்பில் போர்டில் மூன்று தலைப்புகள் எழுதினேன். அனுமதி இல்லாமல் பிரதி எடுப்பது. அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று காட்டுவது. நியாயமாக எடுத்தாள்வது.

"முதல் ரெண்டும் ஒண்ணுதானே மேம்?" என்றான் கடைசி பெஞ்ச் கிரண்.

இல்லை என்றேன். இருநூறு வருடத்துக்கு முன் செத்துப்போனவர் எழுதிய கட்டுரையை உன் பெயரில் கொடுத்தால் உரிமைச் சட்டம் உன்னை ஒன்றும் செய்யாது, ஆனாலும் அது கருத்துத் திருட்டு. நேற்று வந்த புத்தகத்தை முழுசாக ஸ்கேன் செய்து, ஆசிரியர் பெயரைப் பெரிதாகப் போட்டு, டெலிகிராமில் ஊருக்கே அனுப்பினால் அது கருத்துத் திருட்டு இல்லை, ஆனாலும் சட்டம் உன்னைத் தேடி வரும்.

கிரண் கொஞ்சம் யோசித்தான். "அப்ப எது சேஃப் மேம்?"

அந்தக் கேள்வியை ஆறு வாரமும் வேறு வேறு உடையில் சந்தித்தேன். சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் வகுப்பே பேனாவைத் திறந்தது.

"நியாயமான அளவுன்னா எத்தனை பெர்சென்ட் மேம்?"

"சட்டத்துல நம்பர் கிடையாது. எதுக்காக எடுக்கறீங்க, எவ்வளவு எடுக்கறீங்க, அதனால எழுதினவங்களுக்கு என்ன நஷ்டம், இதெல்லாம் பாக்கணும்."

பேனாக்கள் மூடப்பட்டன. நம்பர் இல்லாத விஷயம் பரீட்சையில் வராது.

முன் பெஞ்சில் ஷைனி மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள். அப்பாவுக்கு அங்கே டூ வீலர் மெக்கானிக் கடை. வகுப்பு முடிந்ததும் வந்தாள்.

"மேம், யார்கிட்டேருந்து எடுத்தோம்னு சொல்லிட்டா போதுமா?"

"மொத்தமும் எடுத்துட்டுச் சொன்னாப் பத்தாது. ஆனா சொல்றதுதான் முதல் படி. எங்கேருந்து எடுத்தோம், அதுல நாம என்ன செஞ்சோம், ரெண்டையும் சொல்லணும்."

அவள் தலையாட்டிய விதத்தைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். சொன்னதை அப்படியே செய்யப் போகிறவர்கள்தான் அப்படித் தலையாட்டுவார்கள்.

மோகன் அண்ணனின் சட்டம்

கல்லூரி கேட்டுக்கு எதிரே மோகன் அண்ணனின் ஜெராக்ஸ் கடை. கிருஷ்ணகிரிக்காரர். எந்த செமஸ்டர், எந்த லேப் என்று சொன்னால் போதும், ரெக்கார்டின் முழு நகல் சுருள் கம்பி போட்டுக் கையில் வரும். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக அவர் கடை முத்திரை. அதற்குக் கீழே, "இதை வேறு கடையில் நகல் எடுக்கக் கூடாது."

"இது என்னண்ணா?" என்று கேட்டேன்.

"பின்னாடித் தெருவுல ஒருத்தன் புதுசா மிஷின் போட்டிருக்கான் மேடம். என்கிட்ட ஒரு செட் வாங்கிட்டுப் போய் அவன் காப்பி எடுத்து விக்கிறான். உழைக்கறது ஒருத்தன், திங்கறது ஒருத்தன்."

அவர் முகத்தில் உண்மையான வலி இருந்தது. சட்டத்தின் நோக்கத்தை என் வகுப்பில் யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஏழாவது புரோகிராம்

ரெக்கார்ட் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்கு: கம்ப்யூட்டர் லேபில் செய்த ஒவ்வொரு புரோகிராமையும் பேனாவால் நோட்டில் எழுத வேண்டும். அது திரையில் என்ன விடை காட்டியது என்பதையும் பேனாவால் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் படிப்புக்கு இவ்வளவு மை செலவாகும் என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. லேப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் ஹால் டிக்கெட்.

எங்கள் லேப் பொறுப்பாளர் நாகராஜ் சார். அதே கல்லூரியில் படித்து அங்கேயே சேர்ந்தவர். அவர் பீரோவில் ஒரு மூல ரெக்கார்ட் உண்டு. அதோடு ஒத்துப்போனால் டிக். போகாவிட்டால் திருப்பி எழுது. மூல ரெக்கார்டைப் பார்த்து ஒரு சீனியர் எழுத, அதைப் பார்த்து ஜூனியர் எழுத, நடுவில் மோகன் அண்ணன் புகுந்து, வருடா வருடம் ஒரு எழுத்து மாறாமல் வந்துகொண்டிருந்தது.

ஏழாவது புரோகிராம், ஒரு மாணவனின் மூன்று பாட மதிப்பெண்களுக்குச் சராசரி காண்பது. மாணவன் பெயர் ரேவண்ணா. மதிப்பெண்கள் 58, 61, 73. சராசரி 67. எல்லா நோட்டிலும் ரேவண்ணா, எல்லா வருடமும் 67. கல்லூரியில் இவ்வளவு நிலையாகப் படித்த மாணவன் வேறு யாரும் இல்லை. யார் அவன் என்று யாருக்கும் தெரியாது. கேன்டீனில் யாராவது தோசை வாங்கிவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவினால் "ரேவண்ணா கணக்குல எழுதிக்கோங்க" என்பார்கள்.

ஷைனி என் வகுப்பு முடிந்த வாரம் தன் ரெக்கார்டில் ஏழாவது புரோகிராமை எழுதினாள். பிறகு, அந்தக் கல்லூரியில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். லேபில் போய் அதை ஓட்டிப் பார்த்தாள். 64 வந்தது. நோட்டில் 64 என்று எழுதி, பக்கத்தின் அடியில் கோடு போட்டு இப்படிச் சேர்த்தாள்:

"இந்தப் புரோகிராமை என் சீனியர் தீபிகா அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினேன். அதில் சராசரி 67 என்று உள்ளது. நான் ஓட்டியபோது 64 வந்தது. மதிப்பெண்களைத் தந்த ரேவண்ணா அவர்களுக்கு நன்றி. அவர் யார் என்று தெரியவில்லை."

நாகராஜ் சார் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு நேராகத் துறைத் தலைவர் அறைக்குப் போனார். வழக்கமாகத் திருப்பி எழுது என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர். இதற்கு மட்டும் ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

எலுமிச்சை சாதம்

இங்கே என் கதையையும் சொல்லிவிட வேண்டும், நியாயம் அதுதான்.

வாணியம்பாடிப் பக்கம் நான் படித்த கல்லூரியில் நானும் பார்த்துத்தான் எழுதினேன். தோழியின் ரெக்கார்ட். அவள் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டே எழுதியதில் ஒரு பக்கத்தில் மஞ்சளாய் எண்ணெய்க் கறை, கறைக்கு அடியில் இரண்டு வரி காணவில்லை. நான் அந்த இரண்டு வரியை விட்டுவிட்டு எழுதினேன். என்னைப் பார்த்து எழுதிய மூன்று பேரும் விட்டார்கள். நான்கு பேருக்கும் முழு மதிப்பெண். அந்தப் புரோகிராம் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாது.

பின்னால் வைட்ஃபீல்டில், பிழையை வைத்தே ஒரு நிரல் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கண்டுபிடிப்பேன். மேனேஜர் அதிசயப்படுவார். எண்ணெய்க் கறையில் கற்றது என்று நான் சொன்னதில்லை.

உள்ளே நடந்தது

திரும்ப அந்த மேசைக்கு வருகிறேன். குழுவில் நிர்மலா மேடம், நாகராஜ் சார், பாடம் எடுத்தவள் என்ற முறையில் நான்.

"இவ ஒருத்திதான் ஒத்துக்கிட்டிருக்கா மேடம், எழுத்துல. இதுக்கு மேல ப்ரூஃப் பேக்கா?" என்றார் நாகராஜ் சார். வேண்டுமா என்பது அவர் வாயில் எப்போதும் பேக்கா என்று கன்னடத்தில்தான் வரும்.

"மத்தவங்க?" என்றேன்.

"மத்தவங்க யாரும் ஒத்துக்கலையே."

நிர்மலா மேடம் ஷைனியைப் பார்த்தார். "ஏம்மா இதை எழுதின? எழுதாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"க்ளாஸ்ல சொன்னாங்க மேம். அப்புறம் எங்க கோயில்லயும் அப்படித்தான். தப்புன்னா நாமளே ஃபாதர்கிட்டப் போய்ச் சொல்லிடணும். சொன்னா முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

"இது கோயில் இல்லம்மா, காலேஜ்."

"தெரியுது மேம்."

அந்தத் 'தெரியுது' சத்தமில்லாமல் வந்தது. அவள் கைக்குட்டையை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் அப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். கையில் கிரீஸ் இருக்கிறது, இதோடு உள்ளே வர வேண்டாம் என்று அவரே தீர்மானித்து வெளியே நின்றுகொண்டார்.

மனதுக்குள் பட்டியல் போட்டேன். ஒன்று, இவள் சட்டப்படி சரி என்று வாதாடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு, மற்ற அறுபத்தோரு நோட்டையும் கொண்டுவரச் சொல்லலாம்; அறுபத்தோரு பேரும் மாட்டுவார்கள், ஷைனியை யாரும் மன்னிக்க மாட்டார்கள். மூன்றாவதுதான் மிச்சம்.

"நானும் காலேஜ்ல பாத்துத்தான் எழுதினேன் மேம்," என்றேன். "என்னையும் சேத்து எழுதிக்கோங்க."

நிர்மலா மேடம் முதல் முறையாக டீயைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை. எடுத்தது, வாய்க்கு நேரே ஏதாவது இருக்கட்டும் என்பதற்காக.

"அதெல்லாம் இப்ப எதுக்கு. எல்லாரும்தான்."

"எல்லாரும்னா சரி மேம். அப்ப இவ கூடுதலா செஞ்சது ஒண்ணுதான், ஓட்டிப் பாத்தது. நாமளும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா?"

மடிக்கணினியைத் திறந்தேன். நோட்டிலிருந்த பன்னிரண்டு வரியைத் தட்டி, 58, 61, 73 கொடுத்தேன். திரையில் 64.



"உங்க லேப்டாப் புதுசு. எங்க காலத்துல 67தான் வந்துச்சு," என்றார் நாகராஜ் சார்.

நிர்மலா மேடம் டீயை வைத்துவிட்டு, பிஸ்கட் தட்டை நகர்த்தி, ஒரு தாளில் மூன்று எண்களையும் கூட்டினார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மூன்றால் வகுத்தார். மறுபடி ஒரு முறை வகுத்தார்.

"நாகராஜ், இத்தனை வருஷமா நாம எதுக்கு டிக் போட்டுட்டிருந்தோம்?"

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்த ரேவண்ணா யாரு?"

நாகராஜ் சார் ஷைனியைப் பார்க்காமல், நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"என் பெஞ்ச்மேட் மேடம். பீரோல இருக்கறது நான் படிக்கறப்ப அவன் ரெக்கார்டைப் பாத்து எழுதினது. அவன் தன் பேரைப் போட்டிருந்தான். நான் மாத்த மறந்துட்டேன்." அடிக்குறிப்பைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பொண்ணு 'அவர் யார்னு தெரியல'ன்னு எழுதினதும், எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்கான்னு நெனச்சேன்."

"ஐயோ இல்ல சார்," என்றாள் ஷைனி. "சத்தியமா நன்றிதான் சார்."

தீர்ப்பு

குற்றச்சாட்டை எழுத்தில் கைவிடுவது சிக்கல். ஏன் கைவிட்டோம் என்று எழுத வேண்டும். அதனால் விசாரணையே நடக்கவில்லை என்று முடிவானது. டீக்கும் பிஸ்கட்டுக்கும் ஏதோ பயிற்சி முகாம் என்று கணக்கு எழுதினார்கள்.

ஒரே நிபந்தனை. அடிக்குறிப்பு இருக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டு, குறிப்பில்லாமல் எழுதிச் சேர்த்தால் கையெழுத்து.

ஷைனி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? ஆறு சனிக்கிழமை பேசியதை ஒரு கிழிப்பில் முடிக்கச் சொல்கிறார்கள். மறுபக்கம் கேட்டில் அவள் அப்பா. எழுதி எடுத்துட்டு வாம்மா என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"எழுதறேன் மேம். ஆனா 64தான் எழுதுவேன்," என்றாள்.

"ஆயிது, சரி, 64ஏ இருக்கட்டும்," என்றார் நாகராஜ் சார்.

அன்றே எழுதிக் கொடுத்தாள். அவரும் போட்டார். ஹால் டிக்கெட் வந்தது. கிழித்த பக்கத்தை அவள் என்ன செய்தாள் என்று கேட்டேன். அப்பா கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்துவிட்டாராம். வருகிறவர்களிடம், "எம் பொண்ணு காலேஜையே திருத்தினா" என்கிறாராம். தடுக்க முடியவில்லை என்றாள்.

அடுத்த வருடத்து நோட்டுகள்

அடுத்த வருடம் நாகராஜ் சாருக்கு உடம்பு சரியில்லாமல் போக, இரண்டு வாரம் லேபை நான் பார்த்துக்கொண்டேன். புது வகுப்பின் ரெக்கார்டுகள் என் மேசைக்கு வந்தன. முதல் நோட்டில் ஏழாவது புரோகிராம். ரேவண்ணா. 58, 61, 73. 67ஐ அடித்து 64. பக்கத்தில் சிவப்பு மையில்: "திருத்தியவர்: ஷைனி."

இரண்டாவது நோட்டிலும் அடித்த 67, சிவப்பு மை, ஷைனி. மூன்றாவதிலும். பீரோவைத் திறந்து மூல ரெக்கார்டை எடுத்துப் பார்த்தேன். நாகராஜ் சாரின் கையெழுத்து, எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல் திருத்தி, யார் திருத்தினார் என்றும் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகள் அந்த வரியையும் விடையைச் சேர்ந்தது என்று நினைத்து அப்படியே எழுதிவிட்டார்கள்.

சாயங்காலம் மோகன் அண்ணனிடம் கேட்டேன். கறுப்பு வெள்ளை நகலில் சிவப்பு எப்படித் தெரிந்தது?

"மூல ரெக்கார்டை இந்த வருஷம் மறுபடி எடுத்தப்ப அந்த ஒரு பேஜை மட்டும் கலர்ல போட்டேன் மேடம். பேரு இருக்கே. விட்டா தப்பாயிடும்."

அறுபது நோட்டையும் பார்த்தேன். ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஒருவரும் பெயரை விடவும் இல்லை. அறுபதுக்கும் டிக் போட்டேன்.